கைராசி அல்ல, மண்தான் காரணம்: தீவக வீடுகளில் பூச்சாடிக் கன்றுகள்



"அவவுக்கு நல்ல கைராசி. கம்பை முறிச்சு ஊண்டினாலும் தளிர்க்கும்" என்று எங்கள் ஊர்களில் சிலரைப் பாராட்டுவார்கள். கேட்பதற்கு இனிமையான வார்த்தைதான். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. நட்ட கன்று கருகிப்போனால், "அவளின்ர கை பட்டால் ஒண்டும் உருப்படாது" என்று அதே வாய் சொல்லும். அப்படிச் சொல்லப்படுபவர் யுத்தத்தில் கணவனை இழந்தவராகவோ, காணாமற்போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவராகவோ இருந்தால் அந்தச் சொல் எவ்வளவு ஆழமாகத் தைக்கும்! சிறிது காலத்தில் மற்றவர்கள் சொல்லவே தேவையில்லை. அவரே தன்னைப் பற்றி அப்படி நினைக்கத் தொடங்கிவிடுவார்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் விறாந்தையிலோ ஜன்னலடியிலோ வைத்த கன்று வாடிப்போவதற்கான காரணம் பெரும்பாலும் எவருடைய கையிலும் இல்லை. அது சாடிக்குள் இருக்கிறது. எமது மண்ணில் உள்ள சுண்ணாம்பும், எமது தண்ணீரில் உள்ள உப்பும்தான் அந்தக் காரணங்கள். இவை இரண்டையும் புரிந்துகொண்டு, சாடிக்கு ஏற்ற மண்ணை நாமே கலந்து, வருடத்தில் ஒரு முறை மாற்றினால் எந்தப் பெண்ணின் கையிலும் கன்று தளிர்க்கும். அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எமது காலடியில் இருப்பது என்ன?

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தவை. மிகப் பழைய காலத்தில் கடலடியில் படிந்த சிப்பி, சங்கு, பவளம் முதலியவற்றின் சுண்ணாம்பே இறுகிக் கல்லானது. நெடுந்தீவில் வீட்டு வேலிகளே பவளக் கற்களை அடுக்கிக் கட்டப்பட்டவை என்பது நீங்கள் அறிந்ததே. அங்கு பல இடங்களில் மண்வெட்டியை இரண்டு முறை போட்டால் மூன்றாவது முறை கல்லில் மோதும். கரையோர மணலிலும் பொடிந்த சிப்பியும் ஊரியும் நிறையவே கலந்திருக்கின்றன.

சுண்ணாம்பு அதிகமான மண் காரத்தன்மை உடையது. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அது கரையாது. கரையாத சத்தை வேரால் உறிஞ்ச முடியாது. பெட்டகத்துக்குள் நெல்லிருந்தும் திறப்பு இல்லாத வீட்டின் நிலைதான். அதனால் இளம் இலைகள் மஞ்சளாக வெளிறும். நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். "சத்துப் போதாது" என்று இன்னும் பசளை போட்டாலும் பயன் கிடைக்காது.

இரண்டாவது பிரச்சினை உப்பு. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழே இறங்கி, கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் உவர்நீரை விடப் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே அரை அடி குறைந்தால் கீழே 20 அடி குறையும். மாரியில் நன்றாக இருந்த கிணறு கோடை முற்றும்போது உவர்ப்பதன் விளக்கம் இதுதான். அந்தத் தண்ணீரைச் சாடிக்கு ஊற்றினால் நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். நிலத்திலாவது மாரி மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும். விறாந்தைச் சாடிக்கு மழையும் படாது. ஆகவே மாதத்துக்கு மாதம் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். இலை நுனி கபில நிறமாகக் கருகுவதும், சாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தோன்றுவதும் இதன் அடையாளங்கள்.

குசினியிலேயே ஒரு பரிசோதனை

உங்கள் மண்ணில் சுண்ணாம்பு உள்ளதா என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. காய்ந்த மண் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஒரு கோப்பையில் போடுங்கள். அதன்மேல் சிறிது வினாகிரி ஊற்றுங்கள. சோடாப் போத்தல் திறந்ததுபோல நுரைத்துப் பொங்கினால் அந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்பது பொருள். லேசாகக் குமிழி வந்தால் கொஞ்சம் உண்டு. ஒன்றுமே நடக்காவிட்டால் அந்த மண் சாடிக்கு உகந்தது.

நெடுந்தீவில் ஒரு தாயுடன் இதைச் செய்து பார்த்தேன். அவர் முதலில் சிரித்தார்.

"பிள்ளை, உந்த விளையாட்டெல்லாம் எனக்கெதுக்கு? நான் வைச்சால் ஒண்டும் வராது. மூண்டு தரம் வைச்சுப் பார்த்திட்டன்."

"மூண்டு தரமும் எந்த மண்ணிலை வைச்சனீங்கள் அம்மா?"

"உதிலை, வேலிக்கரையிலை அள்ளினதுதான்."

அந்த வேலிக்கரை மண்ணில் வினாகிரி பட்டதும் கோப்பை நிறைய நுரை எழுந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இது மண்ணின்ர குணமோ?" என்று கேட்டார். ஆம், மண்ணின் குணம்தான்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ ஊற்றிச் சுண்ணாம்பை அகற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அது சிறிது நேரத்துக்கு மட்டுமே வேலை செய்யும், வேருக்கும் கேடு. சுண்ணாம்பு குறைந்த மண்ணைத் தேர்ந்தெடுப்பதே வழி.

அதேபோல, சாடிக்குச் சாம்பல் போடுங்கள், முட்டைக்கோது போடுங்கள் என்ற ஆலோசனைகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். மண் புளித்துப்போயிருக்கும் மழை நாடுகளுக்கு அவை பொருந்தும். சாம்பலும் முட்டைக்கோதும் காரத்தையும் சுண்ணாம்பையும் கூட்டுபவை. எங்களிடம் அவை ஏற்கெனவே மிதமிஞ்சி உள்ளன. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகலாம் அல்லவா?

மண்ணை எங்கிருந்து எடுப்பது?

வலிகாமப் பகுதிச் செம்மண் சாடிக்கு நல்லது. அதுவும் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் மண்தான். எனினும் எமது சாம்பல் நிறக் கரையோர மண்ணை விடச் சுண்ணாம்பு குறைந்தது, நீரும் இலகுவாக வடியும். யாழ்ப்பாணம் போய்வரும் உறவினர் எவரேனும் இருந்தால் ஓர் உரப்பை செம்மண் கொண்டுவரச் சொல்லலாம். நடுத்தர அளவுச் சாடிகள் ஐந்தாறுக்கு அது போதும். அதற்கு வழியில்லாதவர்கள் தமது காணியிலேயே பழைய மாட்டுக்கொட்டில் இருந்த இடம், வேம்பு, பூவரசு போன்ற மரங்களின் கீழ் இலை உக்கிய இடம் ஆகியவற்றின் மேல்மண்ணை எடுத்து வினாகிரியால் சோதித்துப் பார்க்கலாம்.

இங்கே மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நீண்ட காலம் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்த காணிகளிலும், முன்னர் முகாம்களோ காவலரண்களோ இருந்த இடங்களிலும் மண் தோண்டக் கூடாது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்தது. ஆனாலும் வடக்கில் வெடிபொருள் அகற்றும் பணி 2020களிலும் தொடர்ந்தது. சந்தேகமான எந்தப் பொருளைக் கண்டாலும் தொட வேண்டாம். வந்த வழியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். ஒரு சாடி மண்ணுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கடற்கரை மணலும் வேண்டாம். அதில் உப்பும் சிப்பிப் பொடியும் உண்டு. அத்துடன் கரையோர வலயத்தில் மணல் அள்ளுவதை 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மண்கும்பான் போன்ற இடங்களின் மணல் மேடுகள் மழைநீரை உறிஞ்சி நிலத்துக்குள் இறக்கும் இயற்கைத் தொட்டிகள். அவற்றை அள்ளினால் எமது கிணறுகளே உவர்க்கும்.

சேர்க்கும் பொருட்கள்

எரு: பச்சைச் சாணம் சூடு கொடுத்து வேரைப் பொசுக்கிவிடும். குறைந்தது மூன்று மாதமாவது குவித்து உக்க விட்டு, மணம் நீங்கி, உதிரியாக வந்த பின்பே பயன்படுத்த வேண்டும். ஆட்டுப்புழுக்கையை இடித்து, உக்க வைத்துச் சேர்க்கலாம். எருவிலும் உப்புத்தன்மை உண்டு. ஆகையால் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்.

இலை எரு: முற்றம் கூட்டும்போது சேரும் வேப்பிலை, பூவரசிலை, முருங்கையிலை ஆகியவற்றை எரிக்காதீர்கள். ஒரு மூலையில் குவித்து, ஈரம் தெளித்து, பொலித்தீனால் மூடி வைத்தால் சில மாதங்களில் கறுத்த எருவாகும். காசில்லாமல் கிடைக்கும் பொருட்களில் இதை விடச் சிறந்தது இல்லை.

தும்புத்தூள்: இது ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்ணை இலேசாக்கும். இலங்கையிலிருந்து பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகும் பொருள் இது. ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பிருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்த நீரைக் கொட்டி, இப்படி மூன்று தடவை செய்யுங்கள். கடும் கபில நிறம் வெளுத்த பின் பயன்படுத்துங்கள்.

சாதாளை: கடலில் ஒதுங்கும் சாதாளையைத் தோட்டங்களுக்குப் பசளையாகப் போடுவது தீவகத்தின் பழைய வழக்கம். அதைச் சாடிக்கு நேரடியாகப் போடக் கூடாது. ஒரு மாரி முழுவதும் மழையில் நனைய விட்டு, உப்புக் கழுவுண்டு, உக்கிய பின்பே சிறிதளவு சேர்க்கலாம்.

இவை எல்லாம் கடைப் பசளையில் தங்கியிராத பொருட்கள் என்பதைக் கவனியுங்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டதும், 2022 பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறியதும் நினைவிருக்கும். முற்றத்து எருவுக்கு அந்த விலையேற்றம் கிடையாது.

கலவை அளவு

இங்கிலாந்தில் 1930களில் ஜோன் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சாடிக் கன்று ஒன்றுக்கு ஒரு மண் என்று தோட்டக்காரர் ஆளுக்கொரு விதமாய்க் கலப்பதை விட்டு, பெரும்பாலான கன்றுகளுக்குப் பொருந்தும் ஒரே அளவைக் கண்டுபிடித்தார்கள். ஏழு பங்கு தோட்ட மண், மூன்று பங்கு உக்கிய சதுப்புநிலப் பாசி, இரண்டு பங்கு மணல் என்பது அது. சத்து, ஈரம், வடிகால் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. எங்களிடம் அந்தப் பாசி இல்லை. அதன் வேலையைத் தும்புத்தூளும் இலை எருவும் செய்யும்.

பால்மாப் பேணி ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவான இலைக் கன்றுகளுக்கு (மணிப்பிளாண்ட், குரோட்டன்): மண் 2 பேணி, உக்கிய எரு அல்லது இலை எரு 1 பேணி, கழுவிய தும்புத்தூள் 1 பேணி.

கற்றாழை, மருள் போன்ற தண்ணீர் அதிகம் வேண்டாதவற்றுக்கு: மண் 1 பேணி, ஆற்று மணல் அல்லது இடித்த ஓட்டுத்தூள் 1 பேணி, எரு அரைப் பேணி.

அந்தூரியத்துக்கு: தும்புத் துண்டுகள் 2 பேணி, ஊமற்கரி அல்லது சிரட்டைக்கரித் துண்டுகள் 1 பேணி, இலை எரு 1 பேணி. கரியைச் சாம்பல் போகக் கழுவிக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வேறுபாடு? கன்றின் பிறந்த இடத்தை அறிந்தால் விளங்கும். அந்தூரியம் தென்னமெரிக்காவின் ஈரக் காடுகளைச் சேர்ந்தது. அங்கே இலைச் சருகிலும் மரப்பட்டையிலும் வேர் ஓட்டிப் பழகியதால் இறுகிய மண்ணில் அதற்கு மூச்சு முட்டும். கற்றாழை அராபியப் பாலைநிலத்துக்குரியது. ஈரம் தேங்கினால் அழுகும். மணிப்பிளாண்டோ பசிபிக் கடலின் மொரேயா என்ற தீவில் பிறந்தது. அதுவும் எங்களைப் போல ஒரு தீவுக்காரிதான். பிறந்த மண்ணை விட்டு உலகமெங்கும் போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாம் வேர் பிடித்திருக்கிறது.

கலந்த மண்ணை ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அளவு சரி. உதிராமல் களியாக நின்றால் தும்புத்தூளைக் கூட்டுங்கள். உருண்டையே பிடிபடாவிட்டால் எருவைக் கூட்டுங்கள்.

மண்ணில் வேர்ப்புழு, பூஞ்சணம் இருக்கும் என்ற ஐயம் இருந்தால், ஈரமாக்கிய மண்ணை நிலத்தில் மெல்லிதாகப் பரப்பி, வெளிச்சம் ஊடுருவும் பொலித்தீனால் இறுக மூடி, கோடை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். காண்டாவன வெயில் இதற்காவது உதவட்டும்!

சாடியைத் தெரிவு செய்தல்

பணம் கொடுத்துச் சாடி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பெயின்ற் வாளி, எண்ணெய்க் கான், தயிர்ச் சட்டி எல்லாம் உதவும். கிருமிநாசினி, பூச்சிமருந்து வந்த கொள்கலன்களை மட்டும் ஒருபோதும் எடுக்க வேண்டாம். அடியில் சின்ன விரல் பருமனில் நான்கைந்து துளைகள் அவசியம். புதிய சீமெந்துச் சாடியிலிருந்து சுண்ணாம்பு கசியும். ஆகவே ஒரு வாரம் நீர் நிரப்பி, நாளுக்கு நாள் மாற்றிக் கழுவிய பின் பாவியுங்கள்.

அடியில் ஒரு படை கல்லும் ஊரியும் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது எங்கும் உள்ள நம்பிக்கை. உண்மையில் அது உதவுவதில்லை. ஏனம் கழுவும் பஞ்சை நனைத்துத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அதன் அடிப்பாகத்தில் நீர் தங்கியே நிற்கும். சாடி மண்ணும் அப்படித்தான். கீழே கல் போட்டால் அந்த ஈரப் பகுதி மேலே வேருக்குக் கிட்ட வந்துவிடும், அவ்வளவுதான். ஊரி போட்டால் சுண்ணாம்பும் சேரும். துளையை மறைக்க ஒரு ஓட்டுத்துண்டு போதுமானது.

சாடி மாற்றும் காலமும் முறையும்

துளையால் வேர் வெளியே வருவது, ஊற்றிய நீர் நில்லாமல் உடனே ஓடிவிடுவது, விளிம்பில் வெள்ளைப் படிவு, பல மாதமாகப் புது இலை இல்லாமை ஆகியவை சாடி மாற்ற வேண்டும் என்பதன் அறிகுறிகள். எமது தண்ணீரின் தன்மையால் இவை ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது.

அதற்கு ஏற்ற காலம் சோளகக் காற்று ஓய்ந்து, முதல் மழை விழும் செப்ரெம்பர் கடைசி, ஒக்ரோபர் மாதங்கள். சோளகம் அடிக்கும் காலத்தில் உப்புக் காற்றும் வறட்சியும் புது வேரை வாட்டும். காண்டாவனத்தில் செய்யவே வேண்டாம்.

முதல் நாள் மாலையில் கன்றுக்கு நீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் வெயில் தணிந்த பின் தொடங்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. மண்ணின் மேல் ஒரு கையை விரித்து, தண்டை விரல்களுக்கிடையில் வைத்து, சாடியைக் கவிழ்த்து அடியில் தட்டினால் மண்ணோடு கழன்று வரும். பின் வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் ஆரோக்கியம். கறுத்து, வழுவழுத்து, மணமிருந்தால் அழுகியது. அதைத் தீயில் காட்டிய கத்தியால் வெட்டி அகற்றுங்கள். சுற்றிச் சுற்றி வளையம் போட்டிருக்கும் வேர்களை மூன்று நான்கு இடங்களில் வெட்டிப் பிரித்து விடுங்கள். அப்படி விடாவிட்டால் புதுச் சாடியிலும் அவை பழைய வட்டத்திலேயே சுற்றும்.

புதுச் சாடி பழையதை விட இரண்டு அங்குலம் மட்டுமே அகலமாக இருக்கட்டும். "பெரிய சாடியில் வைத்தால் பெரிதாக வளரும்" என்பது சரியல்ல. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகலைக் கொண்டுவரும். முன்பு இருந்த ஆழத்திலேயே வைத்து, சுற்றிலும் கலவையை இட்டு, மெல்ல அழுத்தி, மேலே ஒரு அங்குலம் இடம் விடுங்கள். துளையால் வடியும் வரை நீர் ஊற்றி, ஒரு வாரம் பத்து நாட்களுக்கு நிழலில் வையுங்கள். சில இலைகள் வாடலாம். இடம் மாறிய எந்த உயிரும் உடனே நிமிர்ந்து நிற்பதில்லை. பயந்துபோய்ப் பசளை போடாதீர்கள். ஒரு மாதம் பொறுங்கள்.

தூக்க முடியாத பெரிய சாடியானால் மேல் இரண்டு அங்குல மண்ணை வழித்தெடுத்துப் புதுக் கலவை இட்டால் போதும். கழித்த மண்ணை வீசாமல் மாரி மழையில் பரப்பி விட்டு, உப்புக் கழுவுண்ட பின் முருங்கையடிக்குப் போடலாம்.

தண்ணீர்

விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. உப்புச் சேர்க்காத அரிசி கழுவிய நீரை உபயோகிக்கலாம். மீன் கழுவிய உப்புத் தண்ணீர் கூடாது. கிணறு உவர்க்கும் வீடுகளில் மாரி காலத்தில் கூரையால் வடியும் மழைநீரை மூடியுள்ள பரலில் சேமித்து, சாடிகளுக்கு என்று கொஞ்சம் ஒதுக்குங்கள். குடிநீருக்கே பரலோடு காத்திருக்கும் வீடுகளில் கற்றாழை, மருள் ஆகியவற்றை மட்டும் வைப்பதே புத்திசாலித்தனம்.

கன மழை பெய்யும் நாளில் சாடிகளை ஓரிரு மணி நேரம் முற்றத்தில் வையுங்கள். வருடம் முழுவதும் சேர்ந்த உப்பை அந்த மழை கழுவிவிடும். செலவில்லாத மிகச் சிறந்த மருத்துவம் இது.

சாடியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடக் கூடாது. டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். வாரத்தில் ஒரு நாளாவது தட்டைக் கொட்டி, தேய்த்துக் கழுவுங்கள். மணிப்பிளாண்ட், அந்தூரியம் ஆகியவற்றின் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். மண்ணில் வேலை செய்யும்போது கையில் காயமிருந்தால் பொலித்தீன் பையையாவது கட்டிக்கொள்ளுங்கள். ஏற்புவலிக் கிருமி மண்ணில் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் அவதானமாக இருக்க வேண்டும்.

கையில் கொஞ்சம் காசு

மணிப்பிளாண்ட் கொடியில் கணுவோடு வெட்டிய துண்டை நீரில் விட்டால் சில வாரங்களில் வேர் விடும். ஒரு தாய்க் கொடியில் இருந்து வருடத்தில் பல சாடிகளை உருவாக்கலாம். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாதத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறை வழியாக ஏராளமானோர் வருகிறார்கள். அக்காலத்தில் விற்க நினைப்பவர்கள் தை மாதமே துண்டுகளை நட வேண்டும். படகில் கொண்டுபோகக் கூடியதாகத் தும்புத்தூள் சற்று அதிகமாகச் சேர்த்த, பாரம் குறைந்த சிறு சாடிகளே நல்லது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். இதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். வாராவாரம் கட்ட வேண்டிய கடனுக்கு மாதக்கணக்கில் வளரும் கன்று பதில் சொல்லாது. வீட்டில் உள்ள வாளி, முற்றத்து எரு, பக்கத்து வீட்டில் வாங்கிய துண்டு என்று மூன்று சாடிகளோடு தொடங்குங்கள். அவை பிழைத்தால் ஆறாக்குங்கள். போட்ட செலவையும் உங்கள் உழைப்பு நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சாடியும் ஒரு காணிதான்

1990களின் தொடக்கத்தில் தீவக மக்களில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தார்கள். பல வருடங்களின் பின் திரும்பியவர்களில் பலருக்கு வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்துபோயிருந்தது. இன்றும் உறவினர் காணியிலோ, உறுதி தமது பெயரில் இல்லாத காணியிலோ குடியிருக்கும் சகோதரிகள் பலர் உள்ளார்கள். மற்றவரின் நிலத்தில் ஒரு மாமரம் வைக்கவே யோசிக்க வேண்டியுள்ளது. காய்க்கும் காலத்தில் நாம் எங்கே இருப்போமோ என்ற கேள்வி வருகிறது.

ஒரு சாடிக்கு அந்தக் கேள்வி கிடையாது. அதற்குள் இருக்கும் மண்ணை நீங்களே தெரிந்து, சோதித்து, கலந்து எடுத்திருக்கிறீர்கள். எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகலாம். எவரும் உறுதி கேட்க மாட்டார்கள். அது மிகச் சிறிய காணிதான். ஆனால் அதில் என்ன நடப்பது, எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பவர் நீங்கள் மட்டுமே.

பூங்கன்று வளர்த்தால் துயரம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இழப்புக்கு எந்தக் கன்றும் ஈடாகாது. நித்திரையின்மை, தொடர்ந்த அழுகை, வாழ்வில் வெறுப்பு இருந்தால் அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் "என்ர கை பட்டால் ஒண்டும் வராது" என்ற ஒரு பாரத்தையாவது நாம் இறக்கி வைக்கலாம் அல்லவா? அது உண்மையும் அல்ல, உங்கள் பழியும் அல்ல.

இந்த மாரி தொடங்குமுன் ஒரு கோப்பை மண்ணையும் கொஞ்ச வினாகிரியையும் எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவரையும் கூப்பிட்டு வைத்துச் செய்யுங்கள். கைராசி இல்லை என்று அவரையும் யாராவது சொல்லியிருக்கக் கூடும்.